ஸ்கெலிக் மைக்கேல்: தீவில் இறங்குவதா, சுற்றிப் பார்த்துத் திரும்புவதா?

அயர்லாந்தின் கெர்ரி கரையிலிருந்து ஏறக்குறைய 12 கி.மீ. தள்ளி, அட்லாண்டிக் நடுவே 218 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் பாறைத்தீவு இது. போர்ட்மகீ போன்ற சிற்றூர்களிலிருந்து இரண்டு வகைப் படகுகள் கிளம்புகின்றன. ஒன்று தீவில் இறக்கிவிடும். மற்றது சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும். கட்டணம், நேரம் இரண்டிலும் சுற்றுப் படகு குறைவுதான் என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. கெர்ரியில் மூன்று நாளாவது தங்க முடிந்தவர்களுக்கு இறங்கும் பயணத்தைத்தான் சொல்வேன்.

காரணம், மேலே இருக்கும் மடாலயம். கிறிஸ்தவத் துறவிகள் சாந்தே இல்லாமல், தட்டைக்கல்லை வரிசைக்கு வரிசை சற்றே உள்தள்ளி அடுக்கித் தங்கள் குடில்களின் கூரையை மூடியிருக்கிறார்கள். வெளியே தேன்கூடு மாதிரி உருண்டை, உள்ளே குனிந்து நுழைந்தால் சதுர அறை. ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியும் அடித்துப் பெய்யும் மழையில் நிற்கிறது. இந்த உள்சதுரம் படகிலிருந்து தெரியவே தெரியாது. கடலிலிருந்து பார்த்தால் குடில்கள் பாறையோடு பாறையாகக் கலந்துவிடும்.

ஏறுவதற்கு 618 கற்படிகள். கைப்பிடி கிடையாது, படிகளும் ஒரே அளவில் இல்லை. நனைந்தால் வழுக்கும். ஏறுவதைவிட இறங்குவதுதான் சிக்கல், கண் நேராகக் கடலுக்குப் போகும். 2009-இல் இருவர் விழுந்து இறந்த இடம் இது. மேலே இருக்கும் வழிகாட்டிகள் சொல்வதை அலட்சியப்படுத்த வேண்டாம். கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ், இரண்டு கையும் காலியாக இருக்கும்படி முதுகுப்பை. குடை வேண்டாம். தீவில் கழிப்பறை இல்லை என்பதைக் கிளம்பும் முன்பே நினைவில் வையுங்கள்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது படியும் இல்லை, பணமும் இல்லை. இறங்குதுறைதான். குறுகிய பாறைக் குடைவுக்குள் ஒரு கான்கிரீட் மேடை, அதில் சில படிகள். படகை அங்கே கட்டிப்போட முடியாது. அலை தூக்கும் கணத்தில் ஒவ்வொருவராகக் கால் எடுத்து வைக்க வேண்டும். போர்ட்மகீயில் வெயில் அடித்து, காற்றே இல்லாத நாளிலும் பயணம் ரத்தாகும். எங்கோ தொலைவில் அடித்த புயலின் நீண்ட அலை இரண்டு நாள் கழித்து வந்து அந்த மேடையில் மீட்டர் கணக்கில் ஏறி இறங்கும். வானிலைச் செயலியில் காற்றை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்; அலை உயரத்தையும் அலைகளுக்கு இடையேயான நொடிகளையும் பாருங்கள். போவதா வேண்டாமா என்பதைப் படகோட்டி பெரும்பாலும் அன்று காலையில்தான் சொல்வார்.

ரத்தானால் பணம் திரும்பும், நாள் திரும்பாது. படகுக்கு 12 பேர்தான், உரிமம் பெற்ற படகுகளும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கோடை இருக்கைகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், மறுநாள் இடம் கேட்டால் கிடைப்பது அரிது. ஆகவே முன்பதிவைக் கெர்ரியின் முதல் நாளுக்குப் போடுங்கள்; ரத்தானால் வேறு யாராவது விட்ட இடத்துக்கு முயல மீதி நாட்கள் இருக்கும். இறங்க முடியாத அலையிலும் சுற்றுப் படகு பல நாள் போகும். அதன் பெரிய பலமே இதுதான். இடம் இருந்தால் ரத்தான காலையிலேயே அதற்கு மாறிக்கொள்ளலாம்.

சுற்றுப் படகையும் ஏமாற்றுவேலை என்று ஒதுக்க மாட்டேன். பக்கத்துப் பாறைத்தீவான லிட்டில் ஸ்கெலிக்கில் கேனட் என்ற பெரிய வெள்ளைக் கடற்பறவைகள் பல்லாயிரம். தூரத்திலிருந்து பாறை பனி மூடியது போல வெள்ளை, நெருங்கினால் நாற்றம் முதலில் வரும். முழங்கால் வலி, உயர பயம், சின்னப் பிள்ளைகள் என்றால் யோசிக்காமல் இதை எடுங்கள். வாந்தி வருபவர்கள் கிளம்பும் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளலாம்; படகு ஆடத் தொடங்கியபின் போட்டால் பெரிய பயனில்லை.

இறங்கும் பருவம் மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை. வண்ண அலகுள்ள பஃபின் கடற்பறவைகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் அல்லது ஜூலை. ஆகஸ்ட் தொடக்கத்தில் அவை கடலுக்குப் போய்விடும். செப்டம்பரில் கூட்டம் குறையலாம், கடல் ஒத்துழைக்குமா என்பதற்கு நான் பொறுப்பேற்க மாட்டேன்.