வாட்ச் செயின்: சோப்பு நீரா, அல்ட்ராசோனிக்கா, எண்ணெயா?

உங்கள் ஸ்டீல் செயின் வாட்சைக் கழற்றி, பூட்டைத் திறந்து, செயின் விளிம்பில் நிற்கும்படி பக்கவாட்டில் நீட்டிப் பிடித்துப் பாருங்கள். புதுச் செயின் ஏறக்குறைய நேராக நிற்கும். பல வருடம் கட்டிய செயின் வில் போல வளைந்து தொங்கும். செயின் நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் எஃகு நீளவில்லை. கண்ணிகளைக் கோக்கும் பின்னும், பின் நுழையும் துளையும் தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது.

வியர்வை, தோலின் எண்ணெய்ப்பசை, சாலைப் புழுதி மூன்றும் கண்ணிக்குள் சேர்ந்து கரும்பசையாகின்றன. புழுதியில் மணல்துகள் இருக்கிறது, மணல் எஃகைவிடக் கடினமானது. கையை அசைக்கும்போதெல்லாம் அந்தப் பசை உப்புத்தாள் போல உள்ளே அராவிக்கொண்டே இருக்கிறது. ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்பது இதைத்தான்: பின் இருக்கும் இடத்திலிருந்து அழுக்கை வெளியே எடுக்கிறதா? எடுத்த இடத்தில் வேறு எதையாவது விட்டுவைக்கிறதா?

கழுவும் வழிகள்

முதலில் சோப்பு நீரும் பழைய டூத் பிரஷும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டு, செயினை மட்டும் கால் மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷால் தேய்ப்பது. செயினை மடக்கி வளைத்தபடி தேய்க்க வேண்டும். வளைக்கும்போதுதான் கண்ணி இடுக்குகள் திறக்கும். பிரஷ் போகாத இடத்துக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி போதும். எஃகில் கீறல் விழாது, ஊசியைவிடப் பாதுகாப்பானது. பூட்டின் உட்பக்கத்தை மறந்துவிடாதீர்கள், அதிக அழுக்கு அங்கேதான் தங்கும். இந்த வழியில் எண்ணெய்ப்பசையும் போகிறது, உப்பும் போகிறது, அலசிவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. தங்க முலாம் பூசிய செயினுக்கு நான் லிக்விடுக்குப் பதில் பூந்திக்கொட்டைத் தண்ணீரை எடுப்பேன். நகைப் பட்டறைகளில் காலங்காலமாக அதில்தான் அலசுகிறார்கள். பிசுக்கு எடுக்கும் வேகம் கொஞ்சம் குறைவு, முலாமுக்கு இதமானது.

அடுத்தது அல்ட்ராசோனிக் மெஷின். கண்ணாடிக் கடையிலும் நகைக்கடையிலும் பார்த்திருப்பீர்கள். நொடிக்கு சுமார் 40,000 அதிர்வுகள் தண்ணீரில் நுண்குமிழ்களை உண்டாக்கி உடைக்கின்றன. அந்தக் குமிழ் உடையும் விசை, பிரஷ் தொடவே முடியாத பின் துளைக்குள்ளும் வேலை செய்கிறது. நாலைந்து வருடம் கழுவாத செயினைப் போட்டால் தண்ணீர் டீ நிறமாவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆழத்தில் உள்ள அழுக்கை எடுப்பதில் இதற்கு ஈடு இல்லை, அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் மூன்று சிக்கல்கள். பின்னுக்குப் பதில் திருகு வைத்த செயின் என்றால் அதிர்வில் திருகு தளரலாம், முடிந்தபின் ஒவ்வொன்றையும் இறுக்கிப் பார்க்க வேண்டும். முலாம் ஏற்கெனவே உரியத் தொடங்கிய செயினில் உரிதல் வேகமாகும். வாட்சின் தலைப்பகுதியை, அதாவது டயலும் இயந்திரமும் உள்ள பாகத்தை, எந்தக் காரணத்துக்காகவும் இதில் போடக்கூடாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பழைய செயின் இதிலிருந்து வெளியே வந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். மெஷின் கெடுத்துவிட்டது என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. தேய்ந்த இடைவெளியை அதுவரை அழுக்கு அடைத்துக்கொண்டிருந்தது, இப்போது உண்மை நிலை தெரிகிறது.

விலை குறைந்த மெஷின்களில் சில, பேருக்குத்தான் அல்ட்ராசோனிக். உள்ளே சாதாரண அதிர்வு மோட்டார் இருக்கும். வாங்குவதற்குமுன் அதிர்வெண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு வாட்சுக்காக மெஷின் வாங்க நான் சொல்ல மாட்டேன். பழக்கமான நகைக்கடையில் வருடத்துக்கு ஒரு முறை போட்டு வாங்கினால் போதும்.

அப்புறம் நம் வீட்டுச் சரக்குகள்: டூத்பேஸ்ட், புளி, விபூதி, எலுமிச்சை. வெள்ளிக் கொலுசுக்கு விபூதியும் பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளியும் அருமையாக வேலை செய்கின்றன. அங்கே உலோகத்தின்மேல் படிந்த கறையைத்தான் அவை எடுக்கின்றன. துருப்பிடிக்காத எஃகில் அப்படி ஒரு கறை கிடையாது, இருப்பது வெறும் அழுக்கு. எஃகைக் காப்பதே அதன் மேற்பரப்பில் தானாக உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம்தான். டூத்பேஸ்டால் தேய்த்தால் அது உலோகத்தையே அரைக்கிறது. பளபளப்பான கண்ணியில் மெல்லிய கீறல் வலை விழும், கோடுகோடாக மெருகிட்ட கண்ணியில் அந்தக் கோடு மங்கும், கறுப்புப் பூச்சு உள்ள செயினில் பூச்சே போய்விடும். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். துணி வெளுக்கும் பிளீச்சும் வேண்டவே வேண்டாம், அதில் உள்ள குளோரின் அந்தப் படலத்தைத் தாக்கும்.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைப்பதைச் சிலர் மிகவும் நம்புகிறார்கள். எண்ணெய்ப்பசையை நன்றாகக் கரைக்கும், சீக்கிரம் உலரும். ஆனால் உப்பை அது ஏறக்குறைய கரைப்பதே இல்லை. வியர்க்கும் ஊரில் முதல் எதிரி உப்பு. கடலோர வாழ்க்கைக்கென்று மாலிப்டினம் சேர்த்த 316எல் எஃகுகூட, காற்றுப் புகாத இடுக்கில் உப்பு தங்கினால் செம்புள்ளி வைக்கும். அதனால் தண்ணீருக்கு மாற்றாக இதை ஏற்க மாட்டேன். தண்ணீரில் அலசியபின் கடைசி முழுக்கு என்றால் சரி, இடுக்கில் தங்கிய ஈரத்தை இழுத்துக்கொண்டு போகும். கை சானிடைசரைப் பயன்படுத்தாதீர்கள், ஜெல் உலர்ந்து பிசுபிசுக்கும்.

கடைசி அலசலுக்கு எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர். அதில் அலசி உலரவைத்தால் கண்ணி ஓரமெல்லாம் வெள்ளைத் திட்டு. உப்பை எடுக்க உட்கார்ந்து உப்பை ஏற்றுவது போலத்தான். குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரோ, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ ஒரு டம்ளர் போதும்.

எண்ணெய் போடுவதா, வேண்டாமா

இதில்தான் கருத்து இரண்டாகப் பிரிகிறது. எண்ணெய் போட்டால் உராய்வு குறையும், கீச்சுச் சத்தம் நிற்கும் என்பது ஒரு பக்கம். எண்ணெய் புழுதியைப் பிடித்துவைக்கும் என்பது மறுபக்கம். நான் முதலில் எண்ணெய்க் கட்சியில் இருந்தவன். மாதம் ஒரு முறை தையல் மெஷின் எண்ணெயைக் கண்ணிக்குக் கண்ணி விட்டு ஒரு வருடம் ஓட்டினேன். வெள்ளைச் சட்டையின் கை ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு விழத் தொடங்கியபோதுதான் உறைத்தது. அந்தச் சாம்பல் நிறம், எண்ணெயில் குழைந்த புழுதியும் எஃகுத்தூளும். தேயக்கூடாது என்று நான் விட்ட எண்ணெயே தேய்க்கும் பசைக்குக் குழைவு கொடுத்திருக்கிறது. சரியாகக் கழுவாமல் மேலே மேலே எண்ணெய் விட்டது என் தப்பு.

அதற்குப் பிறகு என் முடிவு இது: தினமும் கட்டும், முழு எஃகில் கடைந்த கண்ணிகள் உள்ள நல்ல செயினுக்கு எண்ணெய் தேவையில்லை. சுத்தமும் உலர்வும் போதும். மூன்று இடங்களில் மட்டும் மசகு போடுவேன். ஒன்று, தகட்டை மடித்துச் செய்த பழைய வகைச் செயின். அது சீக்கிரம் தேயும், கீச்சிடும். இரண்டு, டைட்டானியம் செயின். டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசினால் ஒட்டிப் பிடித்து இழுக்கும் குணம் உண்டு. மூன்று, பூட்டின் பொத்தானும் ஸ்பிரிங்கும்.

எதைப் போடுவது? தையல் மெஷின் எண்ணெய் மெலிந்தது, மணமற்றது, எந்த ஊரிலும் கிடைக்கும், ஊசிமுனை அளவில் வைத்தால் தானே இடுக்குக்குள் ஓடிவிடும். வைத்தபின் செயினைப் பத்து முறை மடக்கி நீட்டி, வெளியே வந்ததையெல்லாம் துணியால் துடைக்க வேண்டும். விரலில் பிசுக்குத் தெரிந்தால் இன்னும் அதிகம் என்று பொருள். திருகு வைத்த செயினில் மரைப்பக்கம் எண்ணெய் போகவிடாதீர்கள், கழன்றுவர வழி செய்தது போலாகும்.

சிலிக்கோன் கிரீஸ் இடம் விட்டு நகராது, தண்ணீரில் கரையாது. வாட்சின் ரப்பர் வளையங்களுக்கே அதைத்தான் பூசுகிறார்கள். செயினையும் வாட்சையும் கோக்கும் ஸ்பிரிங் பின்னின் இரு முனைகளிலும் இதை ஒரு பூச்சுப் பூசினால் வியர்வை உள்ளே இறங்குவது குறையும். அந்தப் பின் துருப்பிடித்து உடைந்தால் வாட்சே கீழே விழும் என்பதால், என் கணக்கில் செயின் முழுவதற்கும் எண்ணெய் விடுவதைவிட இந்த இரண்டு முனைகள் முக்கியம். கண்ணிகளுக்குள் கிரீஸ் வேண்டாம், கெட்டியாகப் புழுதியைப் பிடிக்கும்.

சமையலறை எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். நல்லெண்ணெய் காற்றுப்பட்டுக் கெட்டியாகும். துலக்காத குத்துவிளக்கின் பிசுக்கைச் சுரண்டியவர்களுக்கு அது என்ன ஆகும் என்று தெரியும்.

டபிள்யூடி-40 பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கியது அது. பெயரே ஈரம் அகற்றும் 40ஆவது கலவை என்றுதான் பொருள்படும். இறுகிப்போன பின்னை இளக்க அதைப்போல் ஒன்று இல்லை. அதில் பெரும்பகுதி ஆவியாகும் கரைப்பான், அது போனபின் மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். நிரந்தர மசகாக அதை நம்ப வேண்டாம். பின் இளகியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். செயின் வாட்சின் தலைப்பகுதியில் மாட்டியிருக்கும்போது அடிக்கவே கூடாது, இண்டு இடுக்கெல்லாம் ஊர்ந்து உள்ளே போகும்.

செயினைக் கழற்றுவதா, கழற்றாமல் கழுவுவதா? திருகிப் பூட்டும் சாவியும் (நேரம் திருத்தப் பக்கத்தில் உள்ள குமிழ்) 100 மீட்டர் நீர்க்காப்பும் உள்ள வாட்ச் என்றால், சாவியை இறுக்கிவிட்டு, சாதாரணத் தண்ணீரில் கழற்றாமலே கழுவலாம். பின்மூடியில் 30 மீட்டர் என்றிருந்தால் அது மழைத்தூறலுக்கான காப்புதான், கழற்றியே ஆக வேண்டும். பழைய வாட்சில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள், உள்ளே ரப்பர் வளையம் காய்ந்திருக்கும். கழற்றுமுன், செயின் மாட்டும் வாட்சின் கொம்புகளில் செலோடேப் ஒட்டிக்கொண்டால் கீறல் விழாது. ஒரு துணியை மூடிக்கொண்டு பின்னை எடுங்கள், இல்லாவிட்டால் அது துள்ளிப்போய் கட்டிலடியில் தேட வேண்டியிருக்கும்.

மே மாத வியர்வைக்கு வாரம் ஒரு முறை குழாய் நீரில் ஓர் அலசல், மாதம் ஒரு முறை பிரஷ். கழுவியபின் துணியில் உதறி, ராத்திரி முழுக்க ஃபேனடியில் வையுங்கள். காலையில் கோக்கும்போது ஸ்பிரிங் பின் இரு பக்கமும் ‘டிக்’ என்று விழுந்ததா என்று கேட்டு, செயினை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.