மீன் தொட்டிக்கு ரெடிமேட் மாஸ் (moss, பாசி) சுவர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

6,500 ரூபாயும் 38 செர்ரி இறாலும் போன கதை இது. கடைப் பெயரைப் போடப் போவதில்லை. எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை போலிருக்கிறது.

கோவை வடவள்ளியில் இருக்கிறேன். வீட்டில் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி. உள்ளே செடிகள், 12 எம்பர் டெட்ரா மீன்கள், 40 செர்ரி இறால். பின்பக்கக் கண்ணாடி மட்டும் மொட்டையாக இருந்தது. அதை முழுக்கப் பச்சையாக மூடிவிட்டால் சிவப்பு இறால்கள் அதில் ஊர்வது எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. அதற்குத்தான் மாஸ் சுவர். இரண்டு வலைகளுக்கு நடுவே மாஸை மெல்லிசாகப் பரப்பி, ஓரத்தைத் தைத்து, சக்‌ஷன் கப் வைத்துக் கண்ணாடியில் நிறுத்துவார்கள். மாஸுக்கு வேர் கிடையாது, இலை வழியாகவே தண்ணீரிலிருந்து சத்தை எடுத்துக்கொள்ளும். வலைக் கண் வழியாக நுனிகள் மெதுவாக வெளியே வந்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் வலை கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

அந்த எட்டு வாரம் காத்திருக்கப் பொறுமை இல்லாததுதான் என் தப்பு. வளர்ந்து முடிந்த சுவரையே கொண்டுவந்து மாட்டித் தருகிறோம் என்று ஒரு கடைக்காரர் வீடியோ போட்டிருந்தார். பேசினேன். "பிளேம் மாஸுங்ணா. நம்ம இடத்துலயே ஆறு மாசம் தண்ணிக்குள்ள வளத்துனது. மாட்டுன அன்னைக்கே காடு மாதிரி இருக்குமுங்க" என்றார். உடனே 3,000 அட்வான்ஸ் ஜிபே செய்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது, "கெணத்துல வழிச்சு எறியற பாசிய எவனாச்சும் காசு குடுத்து வாங்குவானா சாமி?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். நம் பேச்சில் கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாக்குவதும் பாசிதான், மலையில் மரத்தின் மேல் மெத்தையாகப் படர்வதும் பாசிதான். முதலாவது ஆல்கா, இரண்டாவது மாஸ் என்று அம்மாவுக்கு வகுப்பெடுத்தேன். அந்த மாஸிலேயே தண்ணீருக்குள் வளர்வது வேறு, மரப்பட்டையில் வளர்வது வேறு என்பதை யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பையன் ஒருவர் வந்து முக்கால் மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போனார். ஈரச் செய்தித்தாளில் பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். பிரித்தபோது மழை பெய்த தோட்டத்து மண் வாசம் அடித்தது. இங்கும் அங்கும் சின்னச் சின்ன மரப்பட்டைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பிளேம் மாஸ் என்றால் பெயருக்கேற்றபடி தீச்சுடர் போல முறுக்கிக்கொண்டு மேலே ஏறும். இதுவோ குட்டையாக, திண்டு திண்டாக, கார்ப்பெட் போல இருந்தது. எல்லாம் கண்ணில் பட்டது. ஆனால் அன்று சாயங்காலம் விளக்கைப் போட்டதும் தொட்டி அவ்வளவு அழகாக இருந்தது. போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, மீதி 3,500-ஐயும் கொடுத்துவிட்டேன். பில் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இரண்டு இறால்கள் செத்துக் கிடந்தன. இறால் வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், மாஸைக் கண்டால் அவை நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்து மேயும். என் தொட்டியில் ஒன்றுகூடச் சுவர்ப் பக்கம் போகவில்லை. எல்லாம் முன் மூலையில், ஸ்பாஞ்சு பில்டரைச் சுற்றி ஒண்டிக்கொண்டிருந்தன. சில மணலில் ஒருச்சாய்ந்து கிடந்து, வயிற்றுக் கால்களை மட்டும் அடித்துக்கொண்டிருந்தன. செடிகளுக்காக விடுகிற கார்பன்-டை-ஆக்சைடு கூடிவிட்டதோ என்று அதன் சிலிண்டரை மூடினேன். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றினேன். ஒன்பதாம் நாள் எண்ணிப் பார்த்தபோது மிச்சம் இருந்தது இரண்டு. டெட்ராக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"போர் தண்ணி விட்டிருப்பீங்க. உப்புத் தண்ணிக்கு இறால் தாங்காதுங்ணா."

"சிறுவாணித் தண்ணிங்க. ஒரு நாள் பிடிச்சு வெச்சு, குளோரின் போக்கித்தான் விடறேன்."

"அப்படிங்களா? அப்ப அது ரொம்ப சாப்ட் தண்ணிங்க. அதனாலதான் போயிருக்கும்."

உப்பாக இருந்தாலும் தண்ணீர்தான் காரணம், உப்பில்லாவிட்டாலும் தண்ணீர்தான் காரணம். நம் ஊரில் கழுத்தை அறுக்கிறவர்கூட "ங்க" போட்டுத்தான் அறுப்பார். கோபப்படவே முடியாது. இதற்குள் சுவரின் அடிப்பக்கம் பழுப்பாகிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னதும், "லிக்விட் கார்பன் கொஞ்சம் கூட ஊத்துங்க, பச்சை புடிச்சுக்கும்" என்றார். நல்லவேளை ஊற்றவில்லை. கடையில் லிக்விட் கார்பன் என்று விற்பது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு. அளவு மீறினால் மாஸை அதுவே கருக்கிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல்லடத்திலிருந்து மச்சான் வந்திருந்தார். அவருக்கு கோழிப்பண்ணை இருக்கிறது, மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. தொட்டி முன்னால் டீ டம்ளரோடு குனிந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தவர், "ஏன் மாப்ள, இது நம்ம கூண்டு வலையாட்ட இருக்குதே?" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பாசி அழுகி விலகிய இடத்தில் கம்பி நன்றாகவே தெரிந்தது. அங்கங்கே சுண்ணாம்பு தடவினது போல வெள்ளைப் பொடி. சுவரைக் கழற்றி வெளியே எடுத்து, பிரிட்ஜ் கதவில் இருந்த பழனி முருகன் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை என்றால் காந்தம் அப்படிப் பிடிக்காது. இது இரும்புக் கம்பி, மேலே துத்தநாகப் பூச்சு. ஜிஐ வலை. கோழிக்கூண்டுக்கு நல்ல வலைதான். ஆனால் தண்ணீருக்குள் போட்டால் துத்தநாகம் கரையும். சிறுவாணி போன்ற மென்மையான தண்ணீரில், அதிலும் கார்பன்-டை-ஆக்சைடு விட்டுப் புளிப்பேறிய தண்ணீரில், இன்னும் வேகமாகவே கரையும். மீன்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். செம்பு, துத்தநாகம் இரண்டுமே இறாலுக்கு விஷம்.

தையலை அறுத்து வலையைப் பிரித்தோம். நடுவில் இருந்தது பழுப்புக் கூழ். சாக்கடை நாற்றம். கூழுக்குள் ஒரு விரற்கடை நீளத்தில் மரப்பட்டை, ஒரு காய்ந்த பெரணி இலை, சுருண்டு செத்த ஒரு மரவட்டை. தண்ணீருக்குள் ஆறு மாதம் வளர்ந்த மாஸுக்குள் மரவட்டை எப்படி வரும்? எங்கோ மலையில் மரத்திலிருந்து உரித்து வந்த பாசி அது. தண்ணீருக்குள் போட்டாலும் ஒன்றிரண்டு வாரம் பச்சையாகவே இருக்கும், அதற்குள் பணம் கைமாறிவிடும். அப்புறம்தான் அழுகும். அழுகலில் உண்டாகும் அம்மோனியாவும் இறாலுக்கு விஷம்தான். அன்று தண்ணீரில் அதைச் சோதித்தபோது 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டியது. இறாலைக் கொன்றது துத்தநாகமா அம்மோனியாவா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தே கொன்றிருக்கலாம். காப்புக் காட்டில் பாசி உரிப்பது குற்றம் என்பது தனிக் கதை.

பிரித்ததை வீடியோ எடுத்து அனுப்பினேன். "சப்ளை பண்ணுன பையன் ஏமாத்திட்டானுங்ணா, உங்களுக்குப் பாதி விலையில வேற போட்டுத் தர்றேன்" என்று பதில். பாதி விலைக்கு இன்னொரு முறையா? வேண்டாம் என்றேன். பணத்தைக் கேட்டதும் பேச்சு நின்றது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கையில் இருப்பது ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான். நீங்களாவது பில் கேட்டு வாங்குங்கள், அதில் மாஸின் பெயரையும் வலை என்ன உலோகம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். எழுதிக் கொடுத்தாலும், அந்தச் சுவர் அவர் கடைத் தொட்டியில் தண்ணீருக்குள் நிற்பதை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். போகும்போது காந்தம் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள்.

இப்போது நானே ஒன்று செய்திருக்கிறேன். எம்ப்ராய்டரிக்கு விற்கிற பிளாஸ்டிக் வலை, நண்பர் தொட்டியிலிருந்து மூன்று கைப்பிடி ஜாவா மாஸ், தூண்டில் நைலான் நரம்பு. பருத்தி நூலால் தைத்தால் கொஞ்ச நாளில் இற்றுப் போகும், மாஸ் பிடித்துக்கொள்வதற்குள் வலை வாயைப் பிளந்துவிடும். மாஸைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கி, அடியில் இருக்கும் வலை தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத்தான் தூவினேன். தடிமனாக வைத்தால் உள்ளே வெளிச்சம் போகாது, நல்ல மாஸே அழுகும். கண்ணாடிக்கும் வலைக்கும் நடுவில் மீன் போய் மாட்டிக்கொள்ளாதபடி ஓரங்களை ஒட்ட வைத்தேன். விளக்கு 7 மணி நேரம். ஏப்ரலில் தண்ணீர் 31 டிகிரி தொட்டது, மாஸுக்கு அது சூடு அதிகம். மேலே ஒரு சின்ன விசிறி மாட்டியதில் இரண்டு டிகிரி இறங்கியது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் தினமும் ஊற்ற வேண்டியிருக்கிறது.

ஆறாவது வாரம் இது. வலைக் கண்களில் ஊசி முனை அளவுக்கு இளம்பச்சை எட்டிப் பார்க்கிறது. அந்த இரண்டு இறால்களில் ஒன்றின் வயிற்றில் முட்டை இருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் மாஸை வெட்டிவிட வேண்டியிருக்கும். வடவள்ளிப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஒரு பிடி சும்மாவே தருகிறேன்.