ஸ்பெஷல் கிளாஸா, தினமும் பத்து நிமிஷமா, குரூப் லீடரா: கணக்குல எது மார்ச் வரைக்கும் தாங்கும்?

ஜூன்ல எல்லா ஸ்கூல்லயும் கணக்குக்குன்னு ஒரு பிளான் போடுவாங்க, சார்ட் ஒட்டுவாங்க, வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பாங்க, காலாண்டு வரைக்கும் நல்லாத்தான் ஓடும். அரையாண்டு லீவு, பொங்கல் லீவு, அதோட நம்ம கிருஷ்ணகிரி பக்கம் எருது விடும் விழான்னு ஜனவரி வந்துட்டா பாதி பிளான் காணாமப் போயிடும். அதனால பிப்ரவரியிலயும் நடக்குமாங்கறத வெச்சுத்தான் தலைப்புல சொன்ன மூணு வழியையும் பாக்கறேன்.

எல்லாரும் முதல்ல கைய வைக்கறது சாயந்திர ஸ்பெஷல் கிளாஸ்லதான். பத்தாவதுக்கு அதுல நியாயம் இருக்கு. 100 மார்க் பேப்பர்ல ஒன் வேர்டு 14, செய்முறை வடிவியல் 8, கிராஃப் 8, ஆக இதுலயே 30 இருக்கு, ரெண்டு மார்க் கணக்கு மூணு போட்டா பாஸ் மார்க் 35ஐ தாண்டிடலாம், அதுக்காக தொடுகோடும் கிராஃபும் திரும்பத் திரும்பப் போட வைக்கறாங்க. ஆனா தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் ராகி அறுப்பு நேரத்துல யானை இறங்கும், இருட்டறதுக்குள்ள புள்ளைங்க வீடு சேரணும், டவுன் பஸ்ஸ விட்டா அவ்ளோதான். பென்னாகரம் பக்கம்னா அப்பா அம்மா பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிருப்பாங்க, பாட்டியோட இருக்கற பையன்தான் போய் மாட்டப் புடிச்சுக் கட்டணும். கிளாஸ் யாருக்கு ரொம்பத் தேவையோ அந்தப் பையன்தான் முதல்ல நின்னுடுவான்.

தினமும் பீரியட் ஆரம்பிச்சதும் பத்து நிமிஷம் அடிப்படைக் கணக்கு, போர்டுல ரெண்டே கணக்கு, நோட்டப் பாத்துட்டு தப்பானத மறுநாள் திரும்பப் போடறது, இது ரெண்டாவது வழி. பாக்க ஒண்ணும் பெருசா தெரியாது. ஆனா கிராஃப்ல எங்க மார்க் போகுதுன்னு ஒரு நோட்ட எடுத்துப் பாருங்க, எக்ஸ் -3ன்னா எக்ஸ் ஸ்கொயர் 9, பையன் -9ன்னு எழுதியிருப்பான், அட்டவணையே தப்பாயிடும், பரவளையம் வலது பக்கம் ஒழுங்கா மேல ஏறி இடது பக்கம் கீழ ஓடும். ஏழாவதுல முழுக்கள் பெருக்கல்ல விட்ட ஓட்டை அது, அத வெச்சுக்கிட்டு நாப்பது கிராஃப் போட்டாலும் அதே -9தான் வரும். 2022ல 1 முதல் 3 வரைக்கும் உள்ள கிளாஸுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையாப் பிரிச்சு புள்ள நிக்கற இடத்துலேருந்துதான் ஆரம்பிச்சாங்க, பெரிய கிளாஸுக்கும் அதேதான் சரின்னு எனக்குப் படுது. இதுக்குப் பஸ் பிரச்சனை இல்ல, தனி நேரம் வேணாம். பலன் தெரிய மாசக்கணக்காகும், அதுக்குள்ள "சிலபஸ் எப்ப சார் முடியும்"னு ஹெச்.எம். கேப்பாரு, அத சமாளிக்கணும்.

மூணாவது, நல்லாப் படிக்கற புள்ளைய லீடராப் போட்டு மத்த புள்ளைங்களுக்குச் சொல்லித் தர வைக்கற குரூப் லீடர் முறை. இது தனியா நிக்காது, லீடர் நோட்டப் பாத்து காப்பி அடிக்கறதுல முடியும், ஜனவரியில "எம்புள்ள படிப்பு கெடுதுங்க"ன்னு லீடரோட அம்மா வந்து நிப்பாங்க. ஆனா சூளகிரி, ஓசூர் பக்கம் வீட்ல தெலுங்கோ கன்னடமோ பேசற புள்ளைக்கு பக்கத்துல இருக்கறவன் அதே பாஷையில சொல்லித் தந்தா டக்குனு புரியும், அதுக்காகவே பத்து நிமிஷத்தோட சேத்து வெச்சுக்கலாம்.

என் ஓட்டு 6லேருந்து 9 வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு பத்து நிமிஷத்துக்குத்தான். பத்தாவதுக்கு அரையாண்டு வரைக்கும் அதே, அப்புறம் ஸ்பெஷல் கிளாஸ், அதுவும் சாயந்திரம் வேணாம், காலையில பிரேயருக்கு முன்னாடி. எல்லா கிளாஸுக்கும் ஒரே கணக்கு டீச்சர்தான்னா ஸ்பெஷல் கிளாஸ விட்டுடுங்க, பத்து நிமிஷத்த விடாதீங்க, பொங்கல் லீவு முடிஞ்ச மொத நாளே ஆரம்பிச்சுடுங்க, ஒரு வாரம் போகட்டும்னு தள்ளினா ரிவிஷன் டெஸ்ட் வந்துடும்.