புளோயர் நின்றால் ரெசிஸ்டரா, மோட்டாரா?

அக்னி நட்சத்திர வெயிலில், காட்பாடி பாலத்து நெரிசலில் காரின் புளோயர் (ஏசி காற்றை உள்ளே தள்ளும் விசிறி) நின்றால் என்ன பாடு என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டறைக்குப் போனால் ஒருவர் ரெசிஸ்டர் (புளோயர் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் சின்ன பாகம்) மாற்றினால் போதும் என்பார், இன்னொருவர் மோட்டாரையே மாற்றச் சொல்வார், மூன்றாமவர் "டைரக்ட் கொடுத்துடலாம் சார்" என்பார், அதாவது பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக ஒயர் இழுப்பது. என் பழைய காரில் மூன்றையும் பார்த்துவிட்டேன்.

வேக நாபை 1, 2, 3-ல் வைத்தால் காற்றில்லை, 4-ல் மட்டும் வருகிறது என்றால் அநேகமாக ரெசிஸ்டர்தான். நாப் திருகும் ஏசிகளில் கடைசி வேகத்துக்கு மட்டும் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போவதில்லை. மோட்டாரை விட விலை மிகக் குறைவு, பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூவில் வேலை முடியும். ஆனால் கப்ளரை (ஒயர் மாட்டும் பிளக்) கழற்றிப் பார்க்காமல் விடாதீர்கள். என் காரில் ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. அதே கப்ளரில் புது ரெசிஸ்டரை மாட்டிக் கொடுத்தார்கள், ஒரு மாதத்தில் அதுவும் போயிற்று. மறுபடி கழற்றியபோதுதான் தெரிந்தது: மோட்டார் விசிறிக்குள் வேப்பஞ்சருகும் தூசியும் அடைந்திருந்தன, கையால் சுற்றினால் இறுகிச் சுற்றியது. இறுகிய மோட்டார் கரண்டை அதிகம் இழுக்கும், அந்தச் சூடு முதலில் ரெசிஸ்டரைத்தான் எரிக்கும். கேபின் ஃபில்டர் அடைத்துக் கொண்டாலும் ஆபத்துதான், ரெசிஸ்டரை ஆற்றுவதே புளோயர் காற்று. அதனால் ரெசிஸ்டர் இரண்டாவது முறை எரிந்தால் மோட்டாரைச் சந்தேகப்படுங்கள்.

எந்த வேகத்திலும் சத்தமே இல்லையா? முதலில் ஃபியூஸ், அப்புறம் ரிலே. இரண்டும் சரி என்றால் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் மோட்டாரின் கப்ளரைக் கழற்றி, நாபை 4-ல் வைத்து, இரண்டு பின்களுக்கும் நடுவே டெஸ்ட் லைட்டைப் பிடியுங்கள். பளிச்சென்று எரிந்தால் கரண்டும் எர்த்தும் வருகின்றன, கோளாறு மோட்டாரில். எரியாவிட்டால் ஒயர், சுவிட்ச், எர்த் பக்கம் தேட வேண்டும், புது மோட்டார் வாங்குவது வீண். ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டியதும் ஓடுகிறதென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பிரஷ் மட்டும் மாற்றலாம். ஆனால் கீச்சென்று கத்தும் மோட்டாருக்கு அந்தச் செலவு வேண்டாம், புதிதே போடுங்கள்.

டைரக்ட் கொடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன். ஒரே வேகம்தான் கிடைக்கும். மார்கழிப் பனியில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முன் கண்ணாடியைப் பனி மூடும்போது, ஹீட்டர் காற்றைக் கூட்டிக் குறைக்க முடியாமல் திண்டாடினேன். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் ஒயர் இழுத்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. வீடு போய்ச் சேர வேறு வழியே இல்லையென்றால், ஃபியூஸ் வைத்து, அன்று ஒரு நாளைக்கு மட்டும்.

ஆட்டோமேட்டிக் கிளைமேட் உள்ள காரில் பெரும்பாலும் ரெசிஸ்டருக்குப் பதில் பவர் மாட்யூல் என்ற எலக்ட்ரானிக் பாகம் இருக்கும். அங்கே 4-ல் மட்டும் ஓடும் அடையாளம் செல்லாது, ஸ்கேனர் உள்ள பட்டறைக்கே போங்கள்.