கொளுத்துவதா, சேர்த்துக் கொடுப்பதா?

வளவு கூட்டியதும் சருகோடு பொலித்தீன் பையையும் யோகட் கோப்பையையும் சேர்த்துக் கொளுத்துவது திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இன்னும் நடக்கிறது. வளவு உடனே துப்புரவாகிவிடும், குப்பை வண்டிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கொளுத்துவதில் உள்ள வசதி அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் புகை சாதாரணமானதல்ல. பிவிசி குழாய்த் துண்டோ வயர் உறையோ நெருப்பில் விழுந்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். டயொக்சின் என்ற நச்சுப் பொருளும் உருவாகும். அது சிதைய 850 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். வளவு நெருப்பில் அந்தச் சூடு நிலையாகக் கிடைக்காது. டயொக்சின்களில் மிகக் கொடியது புற்றுநோய் உண்டாக்கும் என்று 1997இல் வகைப்படுத்தப்பட்டது. உடம்புக் கொழுப்பில் தங்கினால் பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். சாம்பல் மண்ணைக் கிளறும் கோழியின் முட்டை வழியாகவும் வீட்டுக்குள் வரும். வாடைக்காற்றுக் காலத்தில் கரையில் மூட்டும் நெருப்பின் புகை நேரே ஊருக்குள்தான் வரும். தொய்வு உள்ள பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

சேர்த்து வைப்பதிலும் சிரமம் உண்டு. கழுவாவிட்டால் ஈயும் எறும்பும் மொய்க்கும். சரி, கழுவிக் காயவைத்து ஓர் உரப்பையில் போட்டால் போத்தல்களைப் பழைய சாமான் எடுப்பவர்களிடம் கொடுக்கலாம். லஞ்ச் சீட், பிஸ்கட் உறை மட்டும் குப்பை வண்டிக்குத்தான்.

2017 செப்டெம்பரிலிருந்து இலங்கையில் பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பது தடை. அந்தத் தடை இல்லாவிட்டாலும் நான் உரப்பையைத்தான் சொல்வேன். அப்புறம், சருகைத் தென்னைக்கு அடியில் போடுங்கள். அதையும் கொளுத்த வேண்டாம்.