டிஸ்க் செத்துவிட்டது என்றார்கள், சாகவில்லை: என்க்ளோஷர் வாங்குபவர்கள் கவனிக்க

ஹார்ட் டிஸ்க்கை வெளியே வைத்துப் பயன்படுத்த என்க்ளோஷர் (டிஸ்க்கை உள்ளே போட்டு யுஎஸ்பியில் மாட்டும் பெட்டி) வாங்கப் போகிறவர்களும், ஏற்கெனவே வாங்கி அதில் முக்கியமானதையெல்லாம் போட்டு வைத்திருப்பவர்களும் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். பதினோரு வருடப் புகைப்படங்களை இழக்க இருந்தேன். கடைசியில் இழக்கவில்லை, ஆனால் அதற்கு விற்றவரும் காரணம் இல்லை, பழுது பார்ப்பவரும் காரணம் இல்லை.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 3.5 அங்குல 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று நல்ல நிலையில் இருந்தது. அதற்காக ஒரு என்க்ளோஷர் வாங்கினேன். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி தருவது 5 வோல்ட்தான், அதனால் தனி அடாப்டரோடு வந்தது. பெரிய டிஸ்க்குகள் எல்லாம் வேலை செய்யும், எந்த விண்டோஸிலும் ஓடும் என்று அட்டையில் போட்டிருந்தது. மாட்டினேன், புது டிஸ்க் போலக் காட்டியது, டிஸ்க்கின் பகுதிகளை (பார்ட்டிஷன்) குறித்து வைக்கும் அட்டவணைக்கு எம்பிஆர் என்ற பழைய முறையைத் தேர்ந்தெடுத்து ஃபார்மேட் செய்தேன், முழு 4 டிபியும் ஒரே பார்ட்டிஷனாக வந்தது. எம்பிஆரில் அப்படி வரக் கூடாது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அப்போதே அதைக் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை.

ஒன்பது மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்புறம் ஒரு நாள் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் சுழல ஆரம்பிப்பதும் நிற்பதுமாக இருந்தது, மறுநாள் பெட்டி ஒரேயடியாக அணைந்துவிட்டது. அடாப்டரில் விளக்கு எரிகிறது, பெட்டியில் உயிர் இல்லை. சரி, பெட்டிதானே போனது என்று நான்கு திருகாணிகளைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்து, கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளில் நேரடியாக மாட்டினேன். டிஸ்க் அமைதியாகச் சுழன்றது, ஒரு தட்டல் சத்தம்கூட இல்லை. ஆனால் விண்டோஸ் கேட்டது: இந்த டிரைவைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? கை நடுங்கிவிட்டது.

ரத்து செய்துவிட்டு டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். 465.75 ஜிபி என்று ஒரு பார்ட்டிஷன், பக்கத்தில் 'ரா' (உள்ளே இருப்பதை விண்டோஸால் படிக்க முடியவில்லை) என்று இருக்கிறது, மீதி இடமெல்லாம் ஒதுக்கப்படாதது என்று கறுப்புப் பட்டையாக நிற்கிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கு ஓராண்டு உத்தரவாதம் இருந்ததால் விற்றவரைக் கேட்டேன். அதே மாடல், அதே நிறம், அதே அட்டையோடு புதுப் பெட்டி கொடுத்தார்கள். அதில் போட்டாலும் அதே ஃபார்மேட் கேள்விதான். "பெட்டியில குறை இல்ல சார், உங்க டிஸ்க்தான் போயிடுச்சு, ஃபார்மேட் பண்ணிப் பாருங்க" என்று பதில். உள்ளே என்ன சிப் இருக்கிறது, பழைய பெட்டியில் இருந்ததேதானா என்று கேட்டேன், அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது என்று முடித்துக்கொண்டார்கள். இரண்டையும் திறந்து போர்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யுஎஸ்பியையும் சாட்டாவையும் இணைக்கும் சிப்பே வேறு கம்பெனியுடையது. மாடல் எண்ணை மாற்றாமல் உள்ளே இருப்பதை மாற்றிவிட்டிருக்கிறார்கள்.

அப்புறம் டேட்டா மீட்டுத் தருவதாகச் சொல்லும் ஓர் இடத்துக்குக் கொண்டுபோனேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஹெட் (டிஸ்க்கைப் படிக்கும் முனை) போய்விட்டது, திறந்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு கேட்டார்கள். அதற்கு முந்தைய இரவுதான் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்திருந்தேன், பழுதாகி மாற்றப்பட்ட செக்டர் (டேட்டாவை எழுதும் சிறு கட்டம்) பூஜ்யம், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டரும் பூஜ்யம். ஹெட் போன டிஸ்க் இப்படிக் காட்டுமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. திறக்காமல் திருப்பித் தருவதற்கே சோதனைக் கட்டணம் என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன என்று நான் சொன்ன பிறகுதான் தொகையே ஏறியது, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த 465.75-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். முழு டிஸ்க் விண்டோஸ் கணக்கில் 3726 ஜிபி. வகுத்துப் பார்த்தால் சரியாக எட்டு. பழுதான டிஸ்க் இவ்வளவு துல்லியமாக எட்டில் ஒன்றாகக் குறையாது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்கு என் டிஸ்க் 512 பைட் செக்டர் என்று தன்னைக் காட்டிக்கொள்கிறது. எம்பிஆர் முறையில் செக்டர் எண்ணை எழுத 32 பிட்தான் இடம் உண்டு, 512 பைட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 2.2 டிபியோடு நின்றுவிடும். விண்டோஸ் எக்ஸ்பியின் 32 பிட் பதிப்புக்கு, இந்த எல்லை இல்லாத புதிய முறையான ஜிபிடி புரியாது. அதனால் பெரிய டிஸ்க்கும் அதில் ஓட வேண்டும் என்று சில என்க்ளோஷர் சிப்புகள் எட்டு செக்டரைச் சேர்த்து 4096 பைட் செக்டர் ஒன்று என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடும். எல்லை எட்டு மடங்கு கூடிவிடும். பெட்டிக்குள் இருக்கும்வரை எல்லாம் சரியாக நடக்கும். வெளியே எடுத்தால், 4096 கணக்கில் எழுதிய பார்ட்டிஷன் அட்டவணையைக் கம்ப்யூட்டர் 512 கணக்கில் படிக்கும், அளவும் எட்டில் ஒன்றாகும், தொடங்கும் இடமும் தப்பாகும். கோப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும், கணக்குதான் மாறிப்போயிருக்கும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதே 2014-ல். அதற்காகச் செய்த ஏற்பாட்டை ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கு விற்றிருக்கிறார்கள்.

எடுத்த விதம்: லினக்ஸை ஒரு பென் டிரைவிலிருந்து துவக்கி, டிஸ்க்கை லூப் சாதனமாக (லினக்ஸ் உருவாக்கிக் காட்டும் போலி டிஸ்க்), செக்டர் அளவு 4096 என்று குறிப்பிட்டு, படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்தேன். பார்ட்டிஷன் முழு அளவில் வந்து நின்றது. முதல் ஃபோல்டரைத் திறந்ததும் படங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தபோது கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். 2.6 டிபியை வேறொரு டிஸ்க்குக்கு மாற்ற ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு கோப்புகூடக் கெடவில்லை.

இடையில் எங்காவது ஃபார்மேட்டுக்குச் சரி சொல்லியிருந்தாலோ, பார்ட்டிஷனைச் சரிசெய்து தருகிறேன் என்கிற மென்பொருள் ஏதாவது எழுத அனுமதித்திருந்தாலோ இவ்வளவு சுலபமாக வந்திருக்காது. ஃபார்மேட் கேட்டால் ரத்து செய்யுங்கள், அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், எட்டால் பெருக்கிப் பாருங்கள்.

உங்கள் பெட்டி எப்படி என்று இன்றைக்கே பார்க்கலாம். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் என்று போனால் பைட்ஸ்/செக்டர் என்று ஒரு வரி இருக்கும். நேரடியாக மாட்டினால் 512 காட்டும் டிஸ்க், பெட்டி வழியாக 4096 காட்டினால் என் கதைதான். புதிதாக வாங்குபவர்கள் டிஸ்க்கை நிரப்புவதற்கு முன் ஒரே ஒரு ஃபோல்டரை எழுதி, கழற்றி, சாட்டாவில் மாட்டித் திறக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கோடு சேர்த்தே விற்கும் ரெடிமேட் பெட்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சிலவற்றில் நீங்கள் பாஸ்வேர்டே போடாவிட்டாலும் போர்டு எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்துதான் (வேறு யாரும் படிக்க முடியாதபடி மாற்றித்தான்) எழுதும், போர்டு போனால் நான் செய்த வழி அங்கே பலிக்காது. அப்புறம் அடாப்டர். பின் பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள், பெட்டியோடு டிஸ்க்கும் போய்விடும்.

இரண்டு போர்டுகளின் படத்தையும் வைத்து விற்றவருக்கு எழுதினேன். இரண்டாவது பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் தந்தார்கள், செக்டர் விஷயத்தை அட்டையில் போடுங்கள் என்று கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. அதே பெட்டி அதே மாடல் எண்ணில் இன்றும் விற்பனையில் இருக்கிறது, உள்ளே எந்தச் சிப் என்று எங்கேயும் எழுதவில்லை.