லேசரா, இருவர் படகா, ஹோபியா, கீல் படகா? சென்னையில் பாய்மரம் பழகும் தம்பதிக்கு

சென்னைக் கரை மணல் கரை என்றுதான் நமக்குப் பழக்கம். பாய்மரப் படகில் உட்கார்ந்து பார்த்தால் இங்கே கல்லுக்குக் குறைவில்லை என்பது தெரியும். துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் கற்கரைகள், ராயபுரம் தொடங்கி எண்ணூர் பக்கம் வரை கொட்டியிருக்கும் கருங்கல், அங்கங்கே கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள். வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தெற்கே மெரினா அகலமானது, மணல் வராத வடகரையைக் கடல் அரித்தது, அதைக் காக்கக் கல் கொட்டினார்கள். இந்தக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடப்பவை, நடுவில் பொந்துகள். கால் வைத்து ஏறலாம் என்று நம்ப முடியாது. அலை மோதித் திரும்பி வரும் அலையோடு கலந்து, சுவருக்குப் பக்கத்தில் தண்ணீர் எந்தத் திசையும் இல்லாமல் குதிக்கும். சின்னப் படகு அதில் வேகத்தை இழந்துவிடும்.

இப்படி ஒரு கரையில் இளம் கணவனும் மனைவியும் சேர்ந்து பழக எந்தப் படகு நல்லது? என் அளவுகோல் ஒன்றுதான். இருவரில் யார் தண்ணீரில் விழுந்தாலும், மற்றவர் தனியாகப் படகைத் திருப்பிக் கொண்டுவந்து அவரைத் தூக்க முடிய வேண்டும். வேகம், விலை, வசதி எல்லாம் அப்புறம். படகில் மூன்றாவது ஆள் கிடையாது.

முதலில் லேசர். இப்போது ஐஎல்சிஏ என்று பெயர். நீளம் 4.2 மீட்டர் சொச்சம், ஒரே பாய், ஒரே ஆள். சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனது இதன் ரேடியல் வகையில்தான். பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். லேசர் சைக்கிள் மாதிரி, பின்சீட்டில் உட்கார்ந்து பழக வழியே இல்லை. சுக்கானும் பாய்க்கயிறும் உங்கள் கையில்தான், காற்றின் ஒவ்வொரு அசைவும் உடம்புக்கு வந்து சேரும். கவிழ்ந்தால், படகின் நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் பலகையான டேகர்போர்டின் மேல் ஏறி நின்று, தனியாகவே நிமிர்த்தலாம். இதிலேயே சின்னப் பாய் வகையான ஐஎல்சிஏ 4-இன் பாய் 4.7 சதுர மீட்டர்தான், எடை குறைந்தவர்களுக்குத் தோதானது. குறை என்ன? இருவரும் இரண்டு படகில் பிரிந்துபோவீர்கள். ஒரே நேரத்தில் இரண்டும் கவிழ்ந்தால் பாதுகாப்புப் படகு ஒன்றுக்குத்தான் முதலில் போக முடியும். தம்பதியாகச் சேர்ந்து ஓட்டும் சந்தோஷமும் இதில் இல்லை.

அடுத்தது எண்டர்பிரைஸ், 420 போன்ற இருவர் டிங்கி, அதாவது இருவர் ஓட்டும் சின்னத் திறந்த படகு. ஜோடிக்கு இயல்பாகத் தோன்றுவது இதுதான், நானும் கடைசியில் இதன் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் இதற்குள் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. “நீ முன்பாயைப் பார்த்துக்கோ, சுக்கானை நான் பார்த்துக்கறேன்” என்று முதல் நாளே சொல்லிவிடுவார் கணவர். அந்த ஏற்பாடு அப்படியே உறைந்துவிடும். மாதங்கள் கழித்தும் மனைவிக்குச் சுக்கான் கை பழகியிருக்காது, கணவருக்கு முன்பாய் தெரியாது. சுக்கான் பிடித்தவர் விழும் நாளில் படகு ஓட்டத் தெரியாத ஒருவரோடு காற்றில் போகும். சில வீடுகளில் இது தலைகீழாகவும் நடக்கும், ஆபத்து அதேதான். ஒவ்வொரு முறையும் பாதி நேரத்தில் இடம் மாறிக்கொள்வதை விட்டுக்கொடுக்காத விதியாக வையுங்கள். விழுந்தவரை எடுக்கும் பயிற்சியையும் இருவரும் செய்யுங்கள். காற்றுக்குக் குறுக்காகக் கொஞ்சம் விலகிப் போய், டாக் அடித்து, அதாவது படகின் முகத்தைக் காற்றின் ஊடாகத் திருப்பி, ஆளுக்குச் சற்றுக் கீழ்க்காற்றுப் பக்கமிருந்து (காற்று போகும் பக்கம்) காற்றை நோக்கி ஏறி வந்து, பாயைத் தளர்த்திப் படகை நிறுத்த வேண்டும். ஆள் படகுக்குக் காற்று வரும் பக்கம் இருக்கவேண்டும். ஆள் இல்லாமலே, மிதக்கும் கேனை வைத்து இதைப் பழகலாம்.

மூன்றாவது ஹோபி 16 கட்டமரான். 5 மீட்டர் நீளம், இரண்டு உடல், நடுவில் வலைத்தளம். கடற்கரை மணலிலிருந்து நேரே இறக்கவே உருவானது: கீழே போர்டு கிடையாது, சுக்கான்கள் மேலே மடங்கும். காற்று பிடித்தால் பறக்கும், அந்தச் சுகத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இருந்தும் கல் கரைக்குப் பக்கத்தில் பழகுபவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை. இது டாக் அடிக்கச் சோம்பல்படும், பாதியில் காற்றுக்கு நேரே நின்றுவிடும். திரும்ப ஓட்டம் பிடிப்பதற்குள் படகு கரைப் பக்கம் இறங்கியிருக்கும். கவிழ்ந்தால் நிமிர்த்த இருவரின் எடையும் பெரும்பாலும் வேண்டும், அதனால் ஒருவர் மட்டும் படகோடு இருந்தால் என் அளவுகோலில் இது தேறாது. பக்கவாட்டில் கிடக்கும்போது அந்த வலைத்தளமே பாயாக மாறிக் காற்றில் ஓடும். விழுந்தவர் நீந்திப் பிடிக்க முடியாது.

கீல் படகு வேறு ஜாதி. அடியில் கீல் என்ற கனமான எடைத்தகடு இருப்பதால் எளிதில் கவிழாது. இன்ஜின், நங்கூரம், விஎச்எஃப் ரேடியோ எல்லாம் வைக்கலாம். பயம் அதிகம் உள்ளவர்களுக்கு முதல் சில தடவை இதில் போவது நல்லது. ஆனால் நனைந்த உடையோடு இருக்கும் ஒரு பெரிய ஆளை அந்த உயரமான பக்கத்தின் மேல் ஒருவராகத் தூக்குவது மிகக் கடினம், ஏணியோ கப்பியோ இல்லாமல் நடக்காது. பெரிய படகு பாதுகாப்பு என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது.

என் தீர்ப்பு இது: லேசரில் தனித்தனியாகத் தொடங்குங்கள், இருவரும் தனியாக நிமிர்த்தவும் திரும்பிவரவும் கற்றபின் இருவர் டிங்கிக்கு வாருங்கள். மற்ற இரண்டும் அதற்குப் பிறகு.

இடத்தையும் ஒப்பிட வேண்டும். துறைமுகத்துக்குள் ஸ்ப்ரிங்ஹேவன் பக்கம் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரச் சங்கமும் துறைமுகத்தில்தான் இயங்குகிறது. உள்ளே நுழைய அனுமதி வேண்டும், கப்பல்களுக்கு வழிவிட வேண்டும், காற்று சுவர்களைத் தாண்டி வருவதால் சில இடங்களில் துண்டு துண்டாக வீசும். ஆனாலும் அலை இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. கோவளம் போன்ற திறந்த கரையில் இடம் தாராளம். ஆனால் அலையைக் கிழித்து வெளியே போவதும் அதே அலையில் திரும்பி இறங்குவதும் தனிக் கலை, பாய்மரத்தோடு சேர்த்துப் பழகினால் இரண்டும் அரைகுறையாகும். மாமல்லபுரத்தில் இருப்பது இயற்கைப் பாறை, தண்ணீருக்கு அடியிலும் உண்டு. அங்கே உள்ளூர் மீனவரோடு மட்டும் போங்கள்.

நேரம்? காலையில் கரைக்காற்று, கடல் தட்டையாக இருக்கும். எளிது போலத் தோன்றும், ஆனால் காற்று உங்களை வெளியே இழுக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து ஏறும். அப்போது நம் கரை முழுவதுமே காற்று தள்ளிக்கொண்டு போய் மோதவைக்கும் கரை. கவிழ்ந்த படகு 1 நாட் வேகத்தில் நகர்ந்தாலும் நிமிடத்துக்கு 31 மீட்டர். நிமிர்த்த 10 நிமிடம் ஆனால் 300 மீட்டர் போய்விடும். அதனால் காற்று போகும் பக்கம் கல் இருந்தால் அரை கிலோமீட்டருக்குள் போகாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றும் புயலும், அது பழகும் காலம் இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது.

துறைமுக வாயைத் தாண்டும் முன் இரண்டு பேரும் தனித்தனியாகச் செய்து காட்ட வேண்டியவை: கவிழ்த்து நிமிர்த்துவது, மிதக்கும் கேனை எடுப்பது, முன்பாய் இல்லாமல் காற்றை எதிர்த்து ஏறிவருவது. கடல் தகவல் மையமான இன்காய்ஸின் அலை எச்சரிக்கையைக் காலையில் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் கரையிலேயே மாட்டுங்கள். நீர் புகாத உறையில் கைபேசி, அதில் கடலோரக் காவல்படையின் 1554 எண். ஒருவருக்கு ஒன்று தேறாவிட்டால் அந்த வாரம் இருவரும் சுவருக்கு உள்ளேயே ஓட்டுங்கள்.